ஒரு ஈடு இட்லி தூரம்

மழை பெய்து நிறைந்த ஊர் உண்டு, பெய்யாமல் காய்ந்த ஊர் உண்டு, வருஷத்துக்கு ஒரு தரம் அளந்து சொல்லாவிட்டால் தெரு நிற்காத ஊர் ஒன்றும் உண்டு, அதற்கு அளந்தான்குறிச்சி என்று பேர். அந்த ஊரில் தேர் ஓடுகிற வீதியில், கோயில் இருக்கிற வரிசையில், இட்லிக்கடை போட்டிருந்தாள் மாடத்தி. நேர் எதிர் வரிசையில் இருந்தது அவள் மகள் முப்பிடாதி வாக்கப்பட்டுப் போன வீடு. வாக்கப்பட்டுப் போனாள் என்று சொல்கிறதே பெரிய பேச்சுதான். இந்த வாசலில் இட்லியைத் தட்டில் எடுத்து மூடாமல் கொண்டுபோனால் அந்த வாசலிலும் ஆவி பறக்கும், அவ்வளவுதான் தூரம்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் காலை அவள் முதல் சட்டி இட்லியை, முதல் ஈட்டை, அடுப்பில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது, இந்த வரிசை ஓட்டு மேலெல்லாம் வெயில் ஏறியிருக்க, எதிர் வரிசை மட்டும் இன்னும் விடியாமல் கிடந்தது. வீடு அங்கேயேதான் இருந்தது, அதே உயரம், அதே பச்சைக் கதவு, ஆனால் நேற்றுப் போட்ட போர்வையை இன்னும் எடுக்காத மாதிரி ஒரு இருட்டு. சரி, கண்ணில்தான் ஏதோ என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சட்டியைத் திறந்து ஈட்டை இறக்கி, துணியை உரிக்கிற நேரத்துக்கு எதிர் வரிசையில் பொழுது விடிந்தது.

பால்காரர் ஆவுடையப்பன் கேனைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல எதிர் வரிசைக்குப் போக சைக்கிளை மிதித்தார். மிதித்தார், மிதித்தார், நடுத்தெருவைத் தாண்டவில்லை. சக்கரம் சுற்றுகிறது, ஆள் வேர்க்கிறார், பச்சைக் கதவு அங்கேயேதான் இருக்கிறது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நக்கிக்கொண்டே எழுந்து வந்து பார்த்தார்கள். "திரும்பி வாரும்யா" என்று ஒருத்தர் கத்தினார். அவர் காதில் விழவில்லை. கோயிலைச் சுற்றிப் பின்பக்கமாக எதிர் வரிசைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பின நாலு பேரும் நடந்து நடந்து, கிளம்பின வாசலுக்கே வந்து நின்றார்கள்.

அப்போது மாடத்தியின் செல்போன் அடித்தது. முப்பிடாதிதான். "எம்மா, தெருவுக்கு என்னமோ ஆயிருச்சு. ஒன்னைப் பாத்தா நீ இன்னும் அடுப்பே பத்தவைக்கலை."

"ஏட்டி, நான் ஒரு ஈடே எறக்கிட்டேன்" என்றாள் மாடத்தி. மகளிடமிருந்து பதில் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே இன்னொரு ஈடு ஏற்றி இறக்கினாள், அதற்கு மேலும் ஒன்று ஏற்றி இறக்கினாள், அப்புறம்தான், "அப்படியா!" என்று மகள் குரல் வந்தது.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த டெய்சி டீச்சர், பெரிய பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள், காலையில் நாலு இட்லிக்கு வருகிறவள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன் பேச்சும் வெளிச்சமும் ஒரே ஓட்டம்தான் ஓடும் என்றாள். தட்டில் சட்னி காய்ந்துபோனது.

"மாடத்தியக்கா, இது சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல உள்ள தூரம்."

"எது?"

"உங்க வாசலுக்கும் உங்க மக வாசலுக்கும் நடுவுல. பதினஞ்சு கோடி கிலோமீட்டர். வெளிச்சத்துக்கே எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகுது. நாங்க இதை ஒரு வானியல் அலகுன்னு சொல்லுவோம்."

"நாங்க ஒரு ஈடுன்னு சொல்லுவோம்" என்றாள் மாடத்தி. அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊரே அப்படித்தான் சொன்னது.

ஏன் இப்படி ஆனது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கோயில் மதிலில் கோல் அளவு ஒன்று கோடாக வெட்டியிருக்கும். தேருக்கு முந்தின நாள் அந்த அளவுக்கு மூங்கில் கோல் நறுக்கி, மாடத்தி வீட்டார் இந்த வாசலில் இருந்தும், எதிர்வீட்டார் அந்த வாசலில் இருந்தும் அளந்துகொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். கடைசியில் கால் கோலுக்குக் குறைவாக மிச்சம் விழுந்தால் அதைக் கணக்கில் சேர்க்கிறதில்லை, அது சாமிக்கு என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் இரண்டு வீட்டாரும் அவரவர் வாசலுக்குத் திரும்பி, ஒரே நேரத்தில், "பன்னிரண்டு கோல்!" என்று ஒரே ஒரு தரம் கூவுவார்கள். தெரு அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த பங்குனி வரைக்கும் அப்படியே கிடக்கும். இந்த வருஷம் இரண்டு வீட்டாரும் கோலைத் தொடவில்லை.

எதிர்வீட்டுப் பூரணத்தாய் மாடத்திக்குச் சம்பந்தி மட்டும் இல்லை, செத்துப்போன புருஷனுக்கு அக்காள், மைனி முறை. முப்பிடாதிக்கு மாசம் நிறைந்து வருகிற நேரத்தில் மாடத்தி வரிசைத் தட்டோடு போய் நின்றாள், தலைப்பிள்ளை தாய்வீட்டில்தானே.

"எதிர்வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெறணுமாக்கும்" என்றாள் பூரணத்தாய், தட்டைக் கையில் வாங்காமல். "ஒன் வீட்டுல எது வீடு, எது அடுப்பங்கரை? என் பேரப்பிள்ளை கண்ணு முழிச்சதும் புகையையா பாக்கணும்?"

"அந்தப் புகையிலதான் ஒங்க மருமக வளந்தா. முறை தெரியலைன்னா கேளுங்க மைனி, சொல்லித்தாரேன்."

"நீ எனக்குச் சொல்லித்தாரியா? மாவாட்டுறவ!"

தட்டு திரும்பி வந்தது. அளக்க வேண்டிய அன்றைக்கு மேளக்காரர் வந்து இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று அடித்து ஓய்ந்தார். மாடத்தி மாவாட்டினாள், பூரணத்தாய் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். மறுநாள், தேர் கிளம்ப வேண்டிய விடிகாலையில், தெரு தன் அகலத்தை மறந்துவிட்டது, தேர் நிலையிலேயே நின்றுவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவர் மேளத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, தானே பன்னிரண்டு கோல் என்று தொண்டை கிழியக் கூவிப் பார்த்தார். அளக்காததைச் சொன்னால் தெருவுக்குத் தெரியாதா என்ன. அது அவிழ்த்துவிட்ட கிடாரி மாதிரி இன்னும் கொஞ்சம் ஓடியது. இரண்டு ஈடானது, ஐந்து ஈடானது, இதுதான் வியாழன் கிரகம் இருக்கிற தூரம் என்று டெய்சி டீச்சர் சொன்னாள், பத்து ஈடானபோது சனி என்றாள், அதற்கப்புறம் டீக்கடைக்கு வருகிறவர்கள், "சனி தாண்டிருச்சாம்ல?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஜனங்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள். எதிர் வரிசைத் தையல்காரரிடம் ரவிக்கை கொடுத்திருந்த பெண்கள், வாசலில் உட்கார்ந்து அவர் காலையில் வெட்டினதைச் சாயங்காலம் பார்த்து, "கை இறக்கம் கூடிப்போச்சே, இப்பச் சொல்லி என்ன செய்ய" என்று விசனப்பட்டார்கள். சீட்டு விளையாடுகிற சிநேகிதர்கள் இரண்டு பேர் போனிலேயே ஆடினார்கள், ஒருத்தர் ஒரு சீட்டைச் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தால் அடுத்தவர் சீட்டு வந்திருக்கும், கள்ளாட்டம் ஆட முடியாததால் இரண்டு பேருக்கும் ஆட்டம் அலுத்தது. ஆவுடையப்பன் பெண்சாதி தினமும் குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, நடுத்தெருவில் மிதித்துக்கொண்டிருக்கிற புருஷனை ஒரு மூச்சு வைதுவிட்டுப் போனாள். எதிர் வரிசையில் ஒரு கிழவனார் இறந்தார். இந்த வரிசையில் ஒப்பாரி தொடங்கினபோது அங்கே எடுத்து முடித்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் மாடத்தி மகளுக்கு மிச்சமிருக்கிற நாளை விரல்விட்டு எண்ணினாள். ஊரில் பேறுகாலம் பார்க்கத் தெரிந்தவள் நர்ஸம்மா ஒருத்திதான், அவள் வீடு இந்த வரிசையில் இருந்தது. எதிர் வரிசையில் யார் எந்தப் பக்கம் ஊரைத் தாண்டப் புறப்பட்டாலும் தன் வாசலுக்கே வந்து சேர்கிறார்கள் என்று முப்பிடாதி சொல்லியிருந்தாள். அங்கே ஒன்று என்றால், ஆளும் போக முடியாது, சேதியும் நேரத்துக்கு வராது.

தெரு எண்பது ஈடு தாண்டின ஒரு காலையில் அது வந்தது. மாடத்தி கரண்டியை எடுத்து முதல் தட்டில் மாவு ஊற்றும்போது, எதிர்வீட்டுப் பச்சைக் கதவில் நேற்றைய சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் முப்பிடாதி நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிமிரவில்லை. போன் அடித்தது.

"எம்மா, வலி எடுத்துருச்சும்மா. தண்ணி போயிருச்சு. பயமா இருக்கும்மா."

மாடத்தி கையில் மாவோடு நின்றாள். இது நேற்றுச் சாயங்காலத்து வலி. இப்போது அந்தக் கதவுக்குள் என்ன நடக்கிறதோ, அது இன்றைக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் அவள் கண்ணுக்கு வரும். மகள் இப்போது இருக்கிறாளா என்பதே மாடத்திக்குத் தெரிய வழியில்லை.

டெய்சி டீச்சர் வீட்டுக் கதவை அவள் கையால் தட்டவில்லை, கரண்டியால் தட்டினாள்.

"டீச்சர், ஒங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய அளவு எது?"

"எதுக்கு அக்கா?"

"சொல்லுங்க. இந்த ஈட்டை விடப் பெருசு."

டீச்சர் தலைமுடியைக் கூட முடியாமல் சொன்னாள். "ஒளியாண்டுன்னு ஒண்ணு இருக்கு. வெளிச்சம் ஒரு வருஷம் பூரா ஓடுற தூரம். உங்க கணக்குல அறுபத்து மூவாயிரம் ஈட்டுக்கு மேல."

"ஆண்டுன்னு பேரைக் கேட்டா மைனி ஒரு வருஷம் காத்திருக்கணுமோன்னு கால் நீட்டிப் படுத்துருவா. வேற?"

"பார்செக். மூணேகால் ஒளியாண்டு. ரெண்டு லட்சத்து ஆறாயிரம் ஈடு."

"அந்தக் கோலால அளந்தா நம்ம தெரு எத்தனை கோல்?"

டீச்சர் கணக்குப் போட்டாள். எண்பத்தாறு ஈட்டை இரண்டு லட்சத்து ஆறாயிரத்தால் வகுத்தாள். "ஒண்ணுமே இல்லைக்கா. புள்ளிக்கு அப்புறம் மூணு பூச்சியம், அதுக்கப்புறம் ஒரு நாலு."

"கால் கோலுக்குள்ள அடங்குமா?"

"கால் கோல்ல ஆயிரத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்குதான் வரும். ஆனா அக்கா, எண்ணுதான் சின்னதாகும். தூரம் சின்னதாகாது. எந்த அலகுல சொன்னாலும் அது அதேதான்."

"எனக்குத் தெரியாதா டீச்சர்? ஆழாக்குல அளந்தாலும் படியில அளந்தாலும் அரிசி அதே அரிசிதான், தினமும் அளக்கிறவ நான். ஆனா தெருவுக்குத் தெரியாதுல்லா. அது பள்ளிக்கூடம் போகலை. கூவினதைத்தான் அது கேக்கும். ஈடால அளந்தாச்சு, மிச்சத்தைச் சாமிக்கு விட்டுட்டுப் பூச்சியம்னு கூவிருவோம்."

டீச்சர் அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள். "பூச்சியம்னு கூவினா தெருவே இருக்காதேக்கா. உங்க கடைக்கு ஆள் எந்தப் பக்கமா வருவாங்க? அந்தம்மா வீடும் உங்க வீடும் ஒட்டிப்போயிருமே."

"ஒட்டட்டும்" என்றாள் மாடத்தி.

போனை எடுத்தாள். பூரணத்தாய் நம்பருக்குப் பேசினாள், பதிலுக்கு நிற்காமல், மூச்சு விடாமல்: "மைனி, நான் மாடத்தி பேசுதேன். நீங்க சொன்னதெல்லாம் சரிதான், என் வீட்டுல புகைதான், பிள்ளை ஒங்க வீட்டுலயே பிறக்கட்டும், எனக்கு முறையும் வேண்டாம் மூக்கும் வேண்டாம், எம்பிள்ளை பிழைக்கணும். பார்செக்னு ஒரு கோல் இருக்கு, அதுல தெரு காலுக்குக் குறைவு, சாமிக்கு விட்டுரலாம். இதைக் கேட்டதும் வாசலுக்கு வந்து நின்னு பூச்சியம்னு கூவுங்க. பூச்சியம், மைனி. நான் இந்தப் பக்கம் நேரம் பாத்துக் கூவுதேன்."

சொல் போய்விட்டது. இனி அது போய்ச் சேருகிறவரைக்கும் அதை யாரும் பிடிக்கவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. டீச்சர் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். மாடத்தி வாங்கவில்லை, அவளுக்கு அந்த முள்ளில் நம்பிக்கை இல்லை. எண்பத்தாறு ஈடு, ஓடுகிற தெருவுக்கு மேற்கொண்டு நாலு ஈடு என்று சொல்லி, அடுப்பில் சட்டியை ஏற்றினாள்.

அன்றைக்கு அவள் அவித்த மாதிரி யாரும் அவித்ததில்லை. ஒரு ஈடு இறங்கினதும் மதிலில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி, அடுத்த ஈடு. சாப்பிட ஆள் இருக்கிறதோ இல்லையோ அவித்தாள். இட்லி கூடையில் நிறைந்து, கொப்பரையில் நிறைந்து, வாழை இலையில் குவிந்தது. மாவு தீர்ந்தபோது கேட்காமலேயே வரிசை வீடுகளில் இருந்து அவரவர் மாவுச் சட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள், பேசாமல் சாப்பிட்டார்கள், பேசாமல் விறகு ஒடித்துப் போட்டார்கள். நர்ஸம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

உச்சிவெயில் நேரத்துக்குப் போன் அடித்தது. பூரணத்தாய் குரல், நேற்றைய ராத்திரிக் குரல், மாடத்தி பேசினதைக் கேட்டிராத குரல்.

"ஏ மாடத்தி. பிள்ளை இறங்கலை. இங்க பெத்தவளுக இருக்காளுக, பேறுகாலம் பாக்கத் தெரிஞ்சவ ஒருத்தி இல்லை. ஒன்னையேதான் கேக்கா. நான் தெரியாமப் பேசிட்டேன் தாயி. ஒன் வீட்டுலயே பெறட்டும், புகையில பெறட்டும், முறை ஒன்னோடதுதான். என்ன கூவணும்னு சொல்லு, கூவுதேன். சீக்கிரம் சொல்லு. போன்ல சார்ஜ்..."

அதோடு நின்றுவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தரும் வாயில் இருந்ததை விழுங்கவில்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள், இரண்டு பேச்சும் எங்கேயோ நடுவழியில் ஒன்றையொன்று தெரியாமல் தாண்டிப் போயிருக்கின்றன, ஆனால் அங்கே போன் அணைந்துவிட்டது. மாடத்தி அனுப்பின சொல் போய்ச் சேர்ந்தாலும் கேட்கக் காது இருக்குமா? எதிர்க் கதவைப் பார்த்தார்கள். அது நேற்று ராத்திரியின் கதவு, சாத்தியிருந்தது, அடியில் ஒரு கோடு வெளிச்சம்.

"வேற நம்பர்ல பேசிப் பாப்போமாக்கா?" என்றாள் டீச்சர்.

"அது போய்ச் சேர நடுராத்திரி ஆயிரும்" என்று சொல்லி மாடத்தி அடுத்த தட்டுக்கு எண்ணெய் தடவினாள். இட்லி ஒன்று கூடக் கோணவில்லை.

மதிலில் சுண்ணாம்புப் புள்ளி தொண்ணூறு ஆனபோது கோயிலில் சாயரட்சைக்கு மணி அடிக்கிற நேரம். மாடத்தி கையைக் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகி, வாசலில் வந்து நின்றாள். ஒரு தரம்தான் கூவலாம், அதுதான் வழக்கம். தப்பினால் தெரு இன்னும் ஒரு வருஷம் தன்போக்கில் ஓடும். அடிவயிற்றில் இருந்து எடுத்துக் கூவினாள்:

"பூச்சியம்!"

ஒன்றும் நடக்கவில்லை. ஆவுடையப்பன் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு காக்கை கூரையில் இருந்து இறங்கி இட்லி ஒன்றைத் தூக்கிப்போனது, யாரும் விரட்டவில்லை. மாடத்தி பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதிலில் இன்னொரு புள்ளி வைக்க யாரோ சுண்ணாம்பை எடுத்தார்கள், இன்னொருத்தர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் தெரு ஒரு பெருமூச்சு விட்டது.

நடுவில் இத்தனை நேரமாக ஓடிவந்துகொண்டிருந்த வெளிச்சமெல்லாம் ஒரே தட்டில் கொட்டின மாதிரி வந்து விழுந்தது. ராத்திரிக் கதவும், விடிகாலைக் கதவும், மத்தியானக் கதவும் ஒன்றின்மேல் ஒன்றாக. விளக்கோடு ஓடுகிற பூரணத்தாய், தண்ணீரோடு ஓடுகிற பூரணத்தாய், தலையில் கை வைத்து உட்கார்ந்த பூரணத்தாய், கடைசியில் யார் வீட்டிலோ சார்ஜ் ஏற்றின போனை இடுப்பில் செருகிக்கொண்டு, வாயைக் கிணறு மாதிரி திறந்து பூச்சியம் என்று கூவுகிற பூரணத்தாய். மறு நிமிஷம் ஆவுடையப்பன் சைக்கிளோடு வந்து அவள் வாசற்படியில் மோதி விழுந்தார், கேனில் இருந்தது பாலாகப் புறப்பட்டுத் தயிராகி, தயிரும் போய் மோராக வழிந்தது. அதற்கு மேல் பார்க்க நேரமில்லை, பச்சைக் கதவு மாடத்தியின் மூக்கில் இடித்தது.

நர்ஸம்மா ஒரு எட்டுத்தான் வைத்தாள்.

முப்பிடாதி, "எம்மா" என்றாள். "வந்துட்டேன்ட்டி" என்று மாடத்தி சொல்லி முடிக்குமுன்னே, "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றாள். அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி கூட இல்லை. அதைக் கேட்டுத்தான் மாடத்தி அழுதாள், அதுவரைக்கும் அழவில்லை.

பெண்குழந்தை. இடுப்புவலியில் முப்பிடாதி நகர்ந்து நகர்ந்து, இரண்டு வாசற்படியும் ஒட்டிக்கொண்ட இடத்தில்தான் பெற்றாள். தலை மாடத்தி வீட்டில் விழுந்தது, கால் பூரணத்தாய் வீட்டில் கிடந்தது என்று நர்ஸம்மா சொல்ல, "தலை எங்கயோ அங்கதான் பிறப்பு" என்று மாடத்தியும், "கால் ஊன்றின இடம்தாம்ட்டி வீடு" என்று பூரணத்தாயும் தொப்புள்கொடி அறுக்கிறதற்குள் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை. ஆனால் சொன்னதற்கு உடனுக்குடனே பதில் வருகிறது.

தேர் இப்போது பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறது. இட்லிக்கடையைப் பூரணத்தாய் வீட்டுப் புறவாசலில் போட்டிருக்கிறார்கள், அடுப்புப் புகை நேரே அவள் கட்டிலுக்குத்தான் போகிறது. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. கால் கோலுக்குக் குறைந்த மிச்சத்தைச் சாமிக்கு விட்டோமே, அது எங்கே போனது என்றுதான் டீச்சருக்கு மனசு ஆறவில்லை. தூரம் சின்னதாகாதே என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். குழந்தை பிறந்த அன்றைக்கே சாயரட்சை பார்க்கக் கோயிலுக்குப் போனவர்கள் வந்து சொன்னதும் விளங்கிவிட்டது. பூசாரி தீபத்தைக் காட்டிவிட்டேன் என்கிறார், விபூதித் தட்டோடு வெளியே வந்துவிட்டார், நடையில் நிற்கிறவர்களுக்கு உள்ளே காலைப் பூசைதான் தெரிகிறது. தொண்ணூறு ஈடும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

"எப்பவும் இருந்ததுதானே, இப்ப கணக்குல வந்திருக்கு" என்றாள் மாடத்தி.

மறுநாள் விடிகாலையில், பச்சை உடம்பு என்று எல்லாரும் திட்டத் திட்ட, இரண்டு பேரும் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கோயில் நடையில் போய் நின்றார்கள். தலைப்பக்கம் மாடத்தி பிடித்திருந்தாள், கால்பக்கம் பூரணத்தாய். உள்ளே வெகுநேரம் இருட்டாகவே இருந்தது. பிறகு, நேற்றுச் சாயரட்சையில், அது பிறந்த நேரத்தில் ஏற்றின தீபம் வந்து சேர்ந்தது, குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு திறந்தது.